பத்து வருஷம், பத்து ஆல்பம்: வாசகர் கேள்வி பதில்

2010ல இருந்து 2019 வரைக்கும் வந்த தமிழ்ப் பட ஆல்பங்கள்ல உங்களுக்குப் பிடிச்ச பத்தை எழுதி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். லிஸ்ட்டை விட கேள்விதான் அதிகமா வந்திருக்கு, அதுவும் ஒவ்வொண்ணும் உண்மையிலேயே யோசிச்சு எழுதின கேள்வி. அதனால இந்த இதழ் முழுக்க அதுக்கே.

கேள்வி: அக்கா, ஹாஸ்டல் ரூம்ல நாலு பேர் உக்காந்து லிஸ்ட் போட ஆரம்பிச்சோம், கொஞ்ச நேரத்துலயே சண்டை வந்துடுச்சு. எல்லார் லிஸ்ட்லயும் ஹிட் பாட்டு இருக்குற படமாத்தான் வருது. ஒரு ஆல்பத்துல ஒரே ஒரு பாட்டு உயிரா இருக்கு, மத்த பாட்டு பேரு கூட ஞாபகம் இல்ல. அதை சேக்கலாமா? எப்படித்தான் செலக்ட் பண்றது?

பதில்: சேக்காதீங்க தம்பி. அந்த ஒரு பாட்டை பிடிச்ச பாட்டு லிஸ்ட்ல வைங்க, அங்க அது ராஜா மாதிரி உக்காரும். ஆல்பம் லிஸ்ட்டுன்னு வந்துட்டா முழுசா கேக்குறோமா, அதுதான் கேள்வி. உங்க சண்டைக்கே காரணம் இதுதான்னு நினைக்கிறேன், நாலு பேரும் பாட்டை நினைச்சுக்கிட்டு ஆல்பம் பேரை எழுதியிருக்கீங்க.

நான் எப்படி பண்றேன்னு சொல்றேன். முதல்ல போனை தூரமா வெச்சிடுங்க. எந்த ஆப்பும் பாக்காம, கூகுள் பண்ணாம, ஞாபகத்துல வர்ற படப் பேரை எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதுங்க, இருபது வந்தாலும் சரி முப்பது வந்தாலும் சரி. அப்புறம் ஒவ்வொரு பேருக்கு கீழயும் அந்தப் படத்துல இருக்குற பாட்டுங்களை எழுதுங்க, இதுவும் ஞாபகத்துல இருந்துதான். எதுக்கு கீழ ஒண்ணு ரெண்டுக்கு மேல வரலையோ அதை அடிச்சிடலாம், பெரும்பாலும் பாதி லிஸ்ட் அப்பவே காலி ஆயிடும். அதுக்கப்புறம்தான் வேலையே இருக்கு. மிச்சம் இருக்குறதை ஒண்ணு ஒண்ணா, ஷஃபிள் ஆஃப் பண்ணிட்டு, முதல் பாட்டுல இருந்து கடைசி பாட்டு வரைக்கும் ஒரே மூச்சுல கேக்கணும். கேக்கும்போது வேற எதுவும் பண்ண வேணாம், கை தானா ஸ்கிப் பட்டன் பக்கம் எங்க போகுதுன்னு மட்டும் கவனிங்க. ஒரு இடத்துல போனா பரவாயில்ல. மூணாவது தடவை போச்சுன்னா அந்த ஆல்பம் உங்களோடது இல்ல, ஊரு அதைக் கொண்டாடினதால உங்களுக்கும் பிடிச்சிருக்கு, அவ்வளவுதான்.

நம்ம பட ஆல்பத்துல ஒரு சிக்கல் இருக்கு, அதையும் சொல்லிடணும். ஹீரோ இன்ட்ரோ பாட்டு ஒண்ணு, டூயட் ரெண்டு, ஒரு குத்து, ஒரு சோகம்னு சிச்சுவேஷனுக்கு பாட்டு போட்டு அதை எல்லாம் ஒரு கவர்ல போட்டா அது தொகுப்புதான், ஆல்பம் ஆயிடாது. தனித்தனியா நல்லா இருக்கும், ஆனா ஒண்ணுக்கு ஒண்ணு பேசிக்காது. அந்தப் பத்து வருஷத்துல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயமே, இந்த ஃபார்முலாவுக்குள்ளயே இருந்துக்கிட்டு ஒரு சில பேர் பாட்டுங்களை ஒண்ணோட ஒண்ணு பேச வெச்சாங்கங்கறதுதான். 2014ல வந்த மெட்ராஸ் ஆல்பத்தை எடுத்துக்கோங்க, சந்தோஷ் நாராயணன் மியூசிக். அதுல கானா பாலாவுக்கு ரெண்டு பாட்டு. காகிதக் கப்பல்ங்கறது காதல் வந்த சந்தோஷத்துல துள்ளுற பாட்டு, இறந்திடவா நீ பிறந்தாய்ங்கறது சாவு வீட்டுப் பாட்டு. ரெண்டும் ஒரே குரல். கானாவுக்கு இந்த ரெண்டு முகமும் எப்பவுமே உண்டு, சினிமா ரொம்ப நாளா கொண்டாட்டத்தை மட்டும் எடுத்துக்கிச்சு, இந்த ஆல்பம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சிடுச்சு. கூடவே பிரதீப் குமார் ஆகாயம் தீப்பிடிச்சா பாட்டைப் பாடுறாரு, உமா தேவி எழுதின நான் நீ பாட்டை சக்திஸ்ரீ கோபாலன் பாடுறாங்க, அதுல சத்தமே ரொம்ப அடங்கி இருக்கும். முதல்ல கப்பல் பாட்டைக் கேட்டு ஆடிட்டு, அந்த மூடோடயே இறந்திடவாக்கு வந்து பாருங்க, அதே ஆள் குரல் உடைஞ்சு போய் கேக்கும்போது நெஞ்சுல ஏதோ பண்ணும். தனியா ரெண்டு பாட்டையும் பிளேலிஸ்ட்ல வேற வேற இடத்துல கேட்டா இது கிடைக்காது. எனக்கு ஆல்பம்னா இதுதான்.

நாலு பேரும் ஒரே லிஸ்ட்டுக்கு வரணும்னு மட்டும் நினைக்காதீங்க. நாலு லிஸ்ட் இருக்கட்டும், அதை மாத்தி மாத்தி கேளுங்க.

கேள்வி: மேடம், பத்தாண்டுன்னா 2010ல இருந்து 2019ஆ, 2011ல இருந்து 2020ஆ? இன்னொண்ணு, விண்ணைத்தாண்டி வருவாயா படம் 2010 பிப்ரவரில வந்துச்சு, ஆனா பாட்டு 2009 டிசம்பர்லயே லண்டன்ல வெளியிட்டாங்களே, அது எந்தக் கணக்கு?

பதில்: காலண்டர்ல பூஜ்யம்னு ஒரு வருஷம் இல்லாததால கணக்குப்படி 2011ல ஆரம்பிக்கிறதுதான் சரின்னு சொல்றவங்க இருக்காங்க. ஆனா பேச்சு வழக்குல எண்பதுகள் தொண்ணூறுகள்னு சொல்லும்போது யாரும் அப்படி எண்ணுறதில்ல, 1990 தொண்ணூறுகள்லதான் வருது. அதனால இங்க 2010 முதல் 2019.

ரெண்டாவது கேள்வி சூப்பர். இதே பஞ்சாயத்து உலக அளவுலயே நடந்திருக்கு. அமெரிக்காவோட ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 1989ல எண்பதுகளோட சிறந்த நூறு ஆல்பங்கள்னு ஒரு லிஸ்ட் போட்டாங்க, அதுல முதல் இடம் தி க்ளாஷ் இசைக்குழுவோட லண்டன் காலிங் ஆல்பத்துக்கு. அந்த ஆல்பம் இங்கிலாந்துல வெளியானதோ 1979 டிசம்பர்ல. அமெரிக்காவுல 1980 ஜனவரில வந்ததால அவங்க அதை எண்பதுகள்ல சேத்துட்டாங்க. அதையே முதல் இடத்துல வெச்சவங்க இருக்கும்போது நீங்க விண்ணைத்தாண்டி வருவாயாவை 2010ல வைக்க யார்கிட்டயும் அனுமதி கேக்க வேணாம். நான் பாக்குறது, அந்த ஆல்பத்தோட நாம வாழ்ந்தது எப்போன்னுதான். ஓசானாவும் மன்னிப்பாயாவும் 2010 முழுக்க எங்க போனாலும் ஓடிக்கிட்டே இருந்துச்சு, மலையாள வரிகளோட ஒரு ஆரோமலே தமிழ்ப் பட ஆல்பத்துக்குள்ள வந்து அதை எல்லாரும் வரி புரியாமலே பாடினோம். அது அந்தப் பத்தாண்டோட வாசல்.

கேள்வி: படம் ஓடல, எனக்கும் படம் பிடிக்கல. ஆனா பாட்டு மட்டும் இன்னும் கேக்குறேன். லிஸ்ட்ல வைக்கலாமா அக்கா?

பதில்: தாராளமா. படம் தோத்து பாட்டு நின்னா அந்த ஆல்பம் தன் சொந்தக் கால்ல நிக்குதுன்னு அர்த்தம், அதுக்கு ஒரு மார்க் கூடவே போடலாம்.

எனக்கு உடனே ஞாபகம் வர்றது 2013ல வந்த கடல். தியேட்டர்ல படம் போன வேகம் எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்த ஏழு பாட்டையும் இன்னிக்கு போட்டுப் பாருங்க. சித் ஸ்ரீராம்னு ஒரு குரலை தமிழ் முதல்முதல்ல கேட்டது அடியே பாட்டுலதான், தேவாலயத்துல கூட்டமா பாடுற காஸ்பெல் பாட்டோட வாசனை அதுல அடிக்கும், ஆனா வரி முழுக்க ஊர்க்காரப் பையன் பேச்சு. அப்புறம் அன்பின் வாசலே, ஹரிசரண் பாடினது, அதுல கோரஸ் எழும்புற இடத்தை நல்ல ஹெட்ஃபோன்ல கேளுங்க, ஒரு குரல் பின்னாடி நிறைய குரல் வந்து நிக்கும். ஏலே கீச்சான் ரஹ்மானே பாடினது, அதுல கடலுக்குப் போற ஆளுங்களோட சலசலப்பு. நெஞ்சுக்குள்ளே இது எல்லாத்துக்கும் நடுவுல ஒரு தனி விளக்கு, சக்திஸ்ரீ கோபாலன் குரலுக்கு இடம் விட்டு மத்த வாத்தியம் எல்லாம் ஒதுங்கி நிக்கும். கடற்கரை ஊரு, சர்ச்சு, காதல் மூணையும் படம் சேத்துக் கட்டினதை விட பாட்டு நல்லா சேத்துக் கட்டியிருக்குன்னு நான் இன்னும் நம்புறேன். இதுல நேர்மாறான தப்பு ஒண்ணும் நடக்கும், படம் பிடிச்சதால பாட்டும் பிடிச்ச மாதிரி தோணும். கண்ண மூடிக் கேக்கும்போது சீன் தான் ஓடுது, பாட்டு காதுல விழவே இல்லன்னா அதை கொஞ்சம் தள்ளி வெச்சு யோசிங்க.

கேள்வி: பாட்டே இல்லாத படத்தோட பிஜிஎம் ஆல்பத்தை சேக்கலாமா?

பதில்: சேக்கணும். 2013ல வந்த ஓநாயும் ஆட்டுக்குட்டியும் படத்துல ஒரு பாட்டு கூட கிடையாது, இளையராஜாவோட பின்னணி இசையை மட்டுமே ஆல்பமா வெளியிட்டாங்க. படம் பாக்காதவங்க கூட அதைத் தனியா கேக்கலாம். கருவி இசையில வரி வந்து கைய பிடிச்சு கூட்டிட்டுப் போகாது, அதனால முதல் தடவை கொஞ்சம் பொறுமை வேணும்.

கேள்வி: வணக்கம் மேடம். எங்க அப்பா எண்பதுகளுக்கு அப்புறம் பாட்டே வரலன்னு சொல்றாரு. என் லிஸ்ட்டைக் காட்டினா சிரிக்கிறாரு. என்ன பதில் சொல்றது?

பதில்: வாதாடாதீங்கம்மா, அப்பா பொய் சொல்லல. பதின்வயசுல இருந்து இருபதுகள் வரைக்கும் நாம கேட்ட பாட்டுதான் மத்த எல்லா வயசுல கேட்டதையும் விட ஆழமா தங்குதுன்னு நினைவைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க ரொம்ப நாளா சொல்லிட்டு வர்றாங்க. முதல் நட்பு, முதல் காதல், வீட்டை விட்டு வெளியே போனது எல்லாமே அந்த வயசுலதானே, பாட்டும் அதோட சேந்து ஒட்டிக்குது. திரும்பத் திரும்பக் கேட்டாலே ஒரு விஷயம் பிடிச்சுப் போகும்னு ராபர்ட் ஸயான்ஸ்ங்கற உளவியல் அறிஞர் 1968லயே எழுதியிருக்காரு. அப்பா அந்தப் பாட்டை எல்லாம் எத்தனை வருஷமா கேக்குறாரு, உங்க பாட்டை அவரு ஒரு தடவை, அதுவும் நீங்க பக்கத்துல நின்னு முகத்தையே பாத்துக்கிட்டு இருக்கும்போது கேட்டிருப்பாரு. இது சமமான போட்டியே இல்ல.

இது உங்களுக்கும் பொருந்தும். உங்க லிஸ்ட்ல இருக்குற பத்தும் நீங்க ஸ்கூல் காலேஜ்ல இருந்தப்ப வந்ததாவே இருக்கான்னு ஒரு தடவை பாருங்க. இருந்தா தப்பில்ல, பிடிச்சதுன்னு சொல்றதுல நம்ம வாழ்க்கையும் கலந்துதான் இருக்கும். ஆனா தெரிஞ்சு வைக்கிறது வேற, தெரியாம வைக்கிறது வேற.

அப்பாவுக்கு ஒரு யோசனை. 2012ல வந்த நீதானே என் பொன்வசந்தம் ஆல்பத்தை எதுவும் சொல்லாம வீட்டுல போட்டு விடுங்க. எட்டுப் பாட்டும் இளையராஜா, எட்டுக்கும் வரி நா.முத்துக்குமார், புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசிச்சது. அந்த ஆல்பம் வந்தப்ப நிறைய பேருக்கு முதல் தடவை கேட்டு பிடிக்கல, பழைய ராஜா இல்லன்னு ஒரு கூட்டம், புது சவுண்ட் இல்லன்னு இன்னொரு கூட்டம். ரெண்டு பக்கமும் அவசரப்பட்டாங்க. புடிக்கல மாமு பாட்டு ராக் கிட்டாரோட ஆரம்பிச்சு பாதியில அப்படியே நம்ம ஊர் குத்துக்குத் தாவும், அந்தத் தாவலைக் கேட்டா அப்பா நிமிர்ந்து உக்காருவாரு. சற்று முன்பு பாட்டுல ரம்யா குரல் ஏற ஏற பின்னாடி வயலின் கூட்டமும் ஏறும், கோபமும் அழுகையும் ஒண்ணா வர்ற மாதிரி. முதல் முறை பாட்டுல சுனிதி சௌஹான் குரலைச் சுத்தி அதே ஆர்கெஸ்ட்ரா இன்னும் பெருசா வரும். அப்பாவுக்குத் தெரிஞ்ச ராஜாதான், ஆனா உங்க பத்தாண்டுல இருக்காரு. அங்க இருந்து மெதுவா 2013ல வந்த தங்க மீன்கள் ஆல்பத்துக்கு கூட்டிட்டுப் போங்க, யுவன் மியூசிக், ஆனந்த யாழை பாட்டுக்குத்தான் நா.முத்துக்குமாருக்கு தேசிய விருது. அப்பாவும் பொண்ணும் சேந்து கேக்க வேண்டிய பாட்டு அது, அதுக்கு மேல நீங்க எதுவும் பேச வேண்டி இருக்காது.

கேள்வி: என் பத்துல அஞ்சு ஒரே இசையமைப்பாளரோடது. வெறியன்னு சொல்றாங்க. குறைக்கணுமா?

பதில்: பிடிச்சதுன்னு சொல்ற லிஸ்ட்ல இட ஒதுக்கீடு வேணாம். ஆனா அஞ்சும் ஒரே அளவு பிடிக்குமான்னு பாக்க ஒரு வழி இருக்கு. வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகை பாஸ் அண்ட் ஜாப்னு வருஷா வருஷம் ஒரு விமர்சகர் வாக்கெடுப்பு நடத்தினாங்க. அதுல ஒவ்வொருத்தருக்கும் 100 பாயின்ட், அதை பத்து ஆல்பத்துக்கு பிரிச்சுக் கொடுக்கணும், எதுக்கும் 5க்கு குறைய கூடாது, 30க்கு மேல போகவும் கூடாது. இதை பண்ணிப் பாருங்க. ஒண்ணுக்கு 30 கொடுத்தா இன்னொண்ணுகிட்ட இருந்து புடுங்கணும், அப்ப தெரிஞ்சிடும் எது ஆல்பத்து மேல இருக்குற பிரியம், எது ஆள் மேல இருக்குற பிரியம்னு. உங்க அஞ்சுல ரெண்டு மூணுக்கு 5 பாயின்ட்தான் மிஞ்சுதுன்னா அந்த இடத்துக்கு வேற ஆல்பத்தைத் தேடலாம்.

கேள்வி: இப்பதான் ஒவ்வொரு பாட்டா சிங்கிள்னு விடுறாங்களே, ஆல்பமா கேக்குறதே அர்த்தமில்லாம போச்சு இல்லையா?

பதில்: கேக்குற பழக்கம் மாறிடுச்சு, அது உண்மை. கேசட் காலத்துல பிடிக்காத பாட்டைத் தாண்டணும்னா ஃபார்வர்ட் பட்டனை அமுக்கி குத்துமதிப்பா நிறுத்தணும், அந்த சோம்பேறித்தனத்துலயே நிறைய நல்ல பாட்டு நமக்குப் பழகிச்சு. இப்ப ஒரு தட்டு தட்டினா போயிடுது. ஒய் திஸ் கொலவெறி 2011 நவம்பர்ல யூடியூப்ல தனியா வந்து உலகம் பூரா சுத்திடுச்சு, அந்தப் பாட்டு இருக்குற '3'ங்கற படம் வந்தது 2012 மார்ச்சுல. எல்லாரும் அனிருத்தோட முதல் ஆல்பத்தை அந்த ஒரு பாட்டாவே நினைச்சாங்க, அதுல போ நீ போ இருக்கு, இதழின் ஓரம் இருக்கு, ஒரு இருபது வயசுப் பையன் இவ்வளவு ஏக்கத்தை எங்க இருந்து எடுத்தான்னு தோணும். சிங்கிள் அந்த ஆல்பத்துக்கு கதவைத் திறந்து விட்டுச்சு, நிறைய பேர் வாசல்லயே நின்னுட்டுப் போயிட்டாங்க. சிங்கிள் சிங்கிளா கேட்ட ஆல்பம் எதுவா இருந்தாலும் லிஸ்ட் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை வரிசையா கேட்டுடுங்க.

கேள்வி: சினிமா இல்லாத ஆல்பம்?

பதில்: வைக்கலாம், வைக்கணும். 2012ல வந்த ஹிப்ஹாப் தமிழன் ஆல்பம் சினிமா கதவு வழியா வராமலே காலேஜ் பசங்க போன் போனா பரவிச்சு. இந்த தடவை நாங்க பட ஆல்பம்னு கேட்டுட்டோம், தனி இசைக்கு தனியா ஒரு இதழ் கேக்குறேன்னு ஆசிரியர்கிட்ட சொல்லியிருக்கேன்.

கேள்வி: லிஸ்ட் அனுப்பின மறுநாளே மாத்தணும்னு தோணுது. என்கிட்ட ஏதாவது பிரச்னையா?

பதில்: இல்லவே இல்ல. ரோலிங் ஸ்டோன் 2003ல போட்ட 500 ஆல்பம் லிஸ்ட்ல பீட்டில்ஸோட சார்ஜன்ட் பெப்பர்ஸ் முதல் இடம், 2020ல புதுசா ஓட்டு எடுத்தப்ப அது 24வது இடத்துக்குப் போயிடுச்சு, மார்வின் கேயோட வாட்ஸ் கோயிங் ஆன் மேல வந்துடுச்சு. ஆல்பங்கள் மாறல, ஓட்டு போட்டவங்களும் காலமும் மாறியிருக்கு. ஒரே ஆளுக்குள்ளயும் இது நடக்கும். தேதி போட்டு எழுதி வைங்க, அடுத்த வருஷம் இன்னொண்ணு எழுதுங்க, பழசைக் கிழிக்காதீங்க.

கேள்வி: சரி அக்கா, உங்க பத்து எது?

பதில்: நிறைய பேர் கேட்டிருக்கீங்க, மறைக்க எதுவும் இல்ல. நீதானே என் பொன்வசந்தம், கடல், மெட்ராஸ், விண்ணைத்தாண்டி வருவாயா, தங்க மீன்கள், ஓநாயும் ஆட்டுக்குட்டியும் பத்தி மேலயே சொல்லிட்டேன். ஜி.வி.பிரகாஷுக்கு ரெண்டு, ரெண்டுமே 2011. ஆடுகளம் அய்யய்யோவுக்காக மட்டும் இல்ல, யாத்தே யாத்தேவும் ஒத்த சொல்லாலவும் ஒரே மண்ணுல முளைச்ச மாதிரி இருக்குறதுக்காக. மயக்கம் என்ன, ராத்திரி தனியா இருக்கும்போது கேக்க. சைந்தவி பாடுற பிறை தேடும் இரவிலே அந்த ஆல்பத்தோட இதயம். அப்புறம் 2014ல வந்த குக்கூ, சந்தோஷ் நாராயணன், எல்லா வரியும் யுகபாரதி. கண் பார்வை இல்லாத ரெண்டு பேரோட காதல் கதைக்கு மனசுல சூறக்காத்துன்னு ஒரு பாட்டு, பாக்காமலே வர்ற காதலுக்கு அதை விட நெருக்கமான பாட்டு அந்தப் பத்து வருஷத்துல எனக்குக் கிடைக்கல.

பத்தாவது இடம் 2018ல வந்த '96' படத்துக்கு. அதோட இசையமைப்பாளர் கோவிந்த் வசந்தா ஒரு வயலின்காரரு, அது காதலே காதலேல தெரியும். அந்த ஆல்பத்தை ரொம்ப பேர் ஸ்கூல் ஞாபகத்துக்காகக் கேக்குறாங்க, நான் கார்த்திக் நேத்தா வரிக்காகக் கேக்குறேன். லைஃப் ஆஃப் ராம் பாட்டுல பிரதீப் குமார் குரல்ல தனியா சுத்துற ஒரு மனுஷன் வருவான், அவனுக்கு வருத்தம் இருக்கு, ஆனா உலகத்து மேல கோபம் இல்ல. தனியா இருக்குறவங்களைப் பத்தி நம்ம சினிமாவுல வந்த பாட்டுல பெரும்பாலும் குடி இருக்கும், புலம்பல் இருக்கும். இதுல மழையும் நடையும் ஊரும்தான் இருக்கு. உங்க லிஸ்ட்ல 96 இல்லன்னா அதுக்கு பதிலா எதை வெச்சீங்கன்னு மட்டும் எழுதுங்க, நான் அதை முதல் பாட்டுல இருந்து கேக்கணும்.